கலந்துபோன விதைநெல்

மஸ்கெலியாவுக்குக் கீழே, தேயிலைச் சரிவுகள் முடிகிற சதுப்புப் பள்ளத்தில் சிவகௌரியின் பரிசோதனை வயல் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த விவசாய அதிகாரி அவள். மலையில் நெல் பூக்கும் நேரத்தில் குளிர் இறங்கினால் மணி பிடிக்காது, கதிர் முழுக்கப் பதராகிவிடும். பழைய மலைநெல் ஒன்று அந்தக் குளிரைத் தாங்கும். ஆனால் நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடும், விளைச்சலும் சொற்பம். அதைக் குட்டையான புது ரகம் ஒன்றோடு கலப்புச் செய்து, பிறந்த வம்சங்களை வரிசை வரிசையாக நட்டு, பல போகங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு தை மாதம் குளிர் கடுமையாக இறங்கியது. கொழுந்து பறித்துவிட்டு வந்து வயலைக் கவனித்துக்கொள்ளும் வீரம்மாதான் முதலில் பார்த்தாள்.

"இங்க வாங்க மிஸ். எல்லாம் சாவியாப் போச்சு, வெறும் பதரு. இந்த ஒரு தூரு மட்டும் மணி புடிச்சு நிக்குது."

குட்டைப் பயிர், கனத்துத் தொங்கும் கதிர்கள். சிவகௌரி ஒரு மணியை நகத்தால் அழுத்திப் பார்த்தாள்.

"இதைத்தான் இத்தனை நாளும் தேடினனான், வீரம்மா."

முற்றியதும் அந்தத் தூரின் நெல்லைத் தனி உறையில் இட்டாள். ஒரு கைப்பிடிதான் தேறியது. மற்ற வரிசைகளிலிருந்து முந்திய போகத்தில் எடுத்துவைத்திருந்த விதைகளையும் உறை உறையாகப் பையில் அடுக்கிக்கொண்டு, கண்டிக்கு அப்பால் இருந்த ஆராய்ச்சி நிலையத்துக்குப் பஸ் ஏறினாள்.

போர்க்காலம். வழியில் இராணுவச் சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று கண்டதும் இளம் சிப்பாய் அவளை இறக்கினான். உறைகளின் மேல் இருந்த இலக்கங்கள் அவனைக் குழப்பின. சிங்களத்தில் அவள் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாகக் கிழித்து ஒரே சாக்கில் கொட்டினான்.

"எல்லாம் நெல்தானே, மிஸ்?" என்றான். அதில் கோபம் இல்லை. தார்ரோட்டில் சிந்திய மணிகளைக்கூடக் குனிந்து பொறுக்கி சாக்கில் போட்டுக் கொடுத்தான்.

திரும்பி வந்து வயலுக்கு ஓடினாள். அந்தத் தூரின் அடிக்கட்டையாவது துளிர்த்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் அறுவடை முடிந்ததென்று, லீக்ஸ் மரக்கறி போடுவதற்காகத் தோட்டத்தார் நிலத்தைப் புரட்டியிருந்தார்கள்.

தொழிலாளர் லயத்தில், வீரம்மாவின் ஒற்றை அறைக் காம்பிராவில் இருவரும் நெல்லைச் சுளகில் பரப்பிப் பார்த்தார்கள்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்குங்களே மிஸ். திரும்பவும் அதே ரெண்டையும் சேத்தா வராதுங்களா?"

"தாயும் தகப்பனும் இருக்கு. அதே பிள்ளை திரும்பப் பிறக்காது."

வீரம்மா நெல்லைத் திரும்பவும் சாக்கில் அள்ளினாள்.

ஒரே ஒரு வழிதான் மிஞ்சியது. எல்லாவற்றையும் விதைத்துவிட்டுக் குளிருக்குக் காத்திருப்பது. குளிர் மற்றதைக் கொன்று, தாங்குவதை அடையாளம் காட்டும். அடுத்த போகம் அப்படியே நட்டார்கள். தை பிறந்தது. மேகம் கவிந்தே கிடந்தது, இரவுகள் வெதுவெதுப்பாகவே கழிந்தன. எல்லாத் தூரும் மணி பிடித்தது. தோட்டத்து ஆட்கள் வந்து அதிசயமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"இம்புட்டு வெளைஞ்சிருக்கு, ஏன் மிஸ் அழுவுறீங்க?"

"எல்லாம் விளைஞ்சிட்டுது, வீரம்மா. இதுக்குள்ள அது எதெண்டு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

பயன் இல்லை என்று மேலிடம் அந்தப் பரிசோதனையை மூடியது. சிவகௌரிக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. புறப்படும்போது ஒரு மூட்டை நெல்லை வீரம்மாவிடம் ஒப்படைத்தாள்.

"வருசா வருசம் கொஞ்சமெண்டாலும் விதையுங்கோ. குளிர் வாற வருசம் எனக்கொரு சொல் அனுப்புங்கோ."

சொல் எதுவும் வரவில்லை. இரண்டாயிரத்திரண்டில், வடக்குப் பாதை திறந்து சண்டை ஓய்ந்திருந்த மாதங்களில், அவளே மஸ்கெலியாவுக்கு வந்தாள். வீரம்மா தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சம்பள ஸ்ட்ரைக் நடந்திச்சுங்க மிஸ். கடையில கடன் நின்னு போச்சு. புள்ளைங்க பசி தாங்கல. அந்த வெதநெல்லக் குத்திப் பொங்கிட்டோம்."

சிவகௌரி கோப்பையைக் கீழே வைத்தாள். சண்டை போட வேண்டும் போலவும் இருந்தது, வீரம்மாவின் காலைப் பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"சோறு எப்பிடி இருந்தது?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருந்திச்சுங்க, மிஸ்."