தரையோடு சேர்த்துப் பதினொன்று

லிஃப்ட் மெக்கானிக்குக்கு எதிலும் சட்டென்று நம்பிக்கை வராது. கடையில் முட்டை வாங்கினால் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். வானிலை அறிக்கையில் மழை இல்லை என்றால் குடையோடுதான் கிளம்புவார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு 'சந்தேகம் சார்' என்று பெயர் வைத்து வருஷம் பன்னிரண்டு ஆகிறது. அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்பதிலும் அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு.

"கல்யாணத்தன்னைக்கே ரிஜிஸ்டர்ல என் வயசு சரியா இருக்கான்னு பார்த்த மனுஷன்" என்பாள் அவர் மனைவி. தபால் நிலையத்தில் நாள் முழுக்க முத்திரை குத்துகிறவள். அவள் சொன்னால் குத்தின மாதிரிதான் இருக்கும்.

இந்த வீட்டில்தான் ஒரு பெண் பிறந்து, பதினாறு வயது ஆகி, கோடை அறிவியல் முகாமுக்கு விண்ணப்பம் போட்டாள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வீட்டில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். முகாம் ஆறு வாரம். பள்ளிப் பிள்ளைகள் மூவாயிரம் பேர் விண்ணப்பிப்பார்கள், நாற்பது பேரை எடுப்பார்கள். உண்மையான ஆய்வுக்கூடம், உண்மையான ஆராய்ச்சியாளர்கள். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு.

மெக்கானிக்குக்கு அங்கேயே மூக்கு வியர்த்துவிட்டது.

"சும்மா கூட்டிட்டுப் போய், சும்மா சோறு போட்டு, சும்மா பாடம் சொல்லித் தர்றாங்களா? யாரு காதுல பூ சுத்தறாங்க?"

"அப்பா, முப்பது வருஷமா நடக்குது."

"முப்பது வருஷமா ஏமாத்தறாங்கன்னு சொல்லு."

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் கண்டிப்பான ஒரு விதி இருந்தது. கணக்குகளை மாணவரே போட வேண்டும். யாராவது எந்த வகையிலாவது உதவியிருந்தால் அவர் யார், என்ன செய்தார் என்று எழுத வேண்டும். மறைத்தது தெரிந்தாலோ, எழுதியது பொய் என்று தெரிந்தாலோ விண்ணப்பம் குப்பைக்குப் போகும். மெக்கானிக் இதையும் படித்தார். இதில் ஏதோ பொறி இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டார்.

பொறி ஒன்றும் இல்லை. அதில் அவராகவே போய் விழுந்தார், அது வேறு விஷயம்.

விண்ணப்பம் போய் ஐந்தாவது வாரம். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையில், கை முழுக்க கிரீஸோடு நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. மென்மையான பெண் குரல். முகாமின் ஒருங்கிணைப்பாளர் பேசுவதாகச் சொன்னாள்.

"எந்த ஒருங்கிணைப்பாளர்?"

"மாணவர் தேர்வு. உங்க பொண்ணு விண்ணப்பத்துல எழுதினதைச் சரிபார்க்கிறோம். நாலாவது கணக்கு, லிஃப்ட் கணக்கு. அதுக்கு நீங்க ஏதாவது உதவி செஞ்சீங்களா?"

மெக்கானிக் உஷாரானார். லிஃப்ட் கணக்கு, லிஃப்ட் மெக்கானிக். அப்பன் போட்டுக் கொடுத்தான் என்று முடிச்சுப் போடப் பார்க்கிறார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை வாயில் வந்தால் போதும், பிள்ளையின் கதை முடிந்தது.

"நானா? சேச்சே."

"பேச்சுவாக்குல ஏதாவது கேட்டிருப்பீங்க..."

"ஒண்ணும் கேக்கல."

"கணக்கைப் பார்த்தீங்களா?"

"அந்தத் தாளை நான் கண்ணாலகூடப் பார்க்கலம்மா. எனக்குக் கணக்குன்னாலே ஆகாது."

அந்தப் பக்கம் ஏதோ எழுதுகிற சத்தம் மட்டும் கேட்டது. "சரிங்க, நன்றி" என்று வைத்துவிட்டாள். மெக்கானிக் கிரீஸ் கையாலேயே தன் தோளைத் தட்டிக்கொள்ளாத குறை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார். "வக்கீலம்மா, இன்னைக்கு உன்னை ஒரு பெரிய கண்டத்துல இருந்து காப்பாத்தியிருக்கேன்." நடந்ததை அப்படியே, குரல் மாற்றி, நடித்துக் காட்டினார்.

பெண் சிரிக்கவில்லை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"பார்க்கவே இல்லைன்னு சொன்னீங்களா?"

"மூணு தடவை சொன்னேன்."

அவள் எழுந்து அறைக்குள் போனாள். விண்ணப்பத்தின் நகலைக் கொண்டுவந்து மேஜையில் அவர் முன்னால் வைத்தாள். கடைசிப் பக்கம். உதவி செய்தவர் என்ற இடத்தில் 'என் அப்பா, லிஃப்ட் மெக்கானிக்' என்று இருந்தது. செய்த உதவி என்ற இடத்தில் அவளுடைய சின்ன எழுத்தில் ஒரே வரி.

'மூன்று முறை என் விடையை நம்பவில்லை.'

அதற்குக் கீழே அந்த மூன்று முறையும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தன. மெக்கானிக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது. இதே மேஜை. அவர் கழற்றி வைத்த ஒரு ரிலே சுவிட்சைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பத்து மாடிக் கட்டடத்தில் ஒரு லிஃப்ட், அதில் இரண்டே பட்டன், ஒன்று ஏழு மாடி ஏற்றும், இன்னொன்று நான்கு மாடி இறக்கும், தரையில் ஏறுகிறவர் எல்லா மாடிக்கும் போக முடியுமா என்று அவள் கேட்டாள். முடியாது என்று அவளே விடையும் சொன்னாள். தரையிலிருந்து ஏழு, ஏழிலிருந்து மூன்று, அங்கே நின்றுவிடும். மேலே ஏழு ஏற மாடி போதாது, கீழே நான்கு இறங்கத் தரை போதாது.

"எனக்கு நம்பிக்கை வரலியே" என்று அவர் தலையைத் தூக்காமலே சொன்னார். "பத்து மாடிக்கு நிறுத்தம் எத்தனை? பதினொண்ணு. தரையை யாரு எண்ணறது?"

லிஃப்ட் வேலை பார்க்கிறவர்கள் மாடியை எண்ண மாட்டார்கள், கதவை எண்ணுவார்கள். அவள் தரையையே முதல் மாடியாக எண்ணி, உச்சியை ஒன்பதோடு நிறுத்தியிருந்தாள். திரும்பப் போட்டாள். மூன்றிலிருந்து ஏழு ஏறினால் பத்து. லிஃப்ட் நிற்கவில்லை, எல்லா மாடியையும் தொட்டுவிட்டுத் தரைக்கே திரும்பி வந்தது.

அவர் அப்போதும் நம்பவில்லை. ஏழும் நாலும் சரி, எட்டும் நாலும் வைத்தால் என்றார். அவள் ஒரு மணி நேரம் கழித்து, அப்படியென்றால் லிஃப்ட் தரை, நாலு, எட்டைத் தவிர வேறெங்கும் போகாது என்று விடையோடு வந்தாள். பிறகு, ஒரே மாடியில் இரண்டு பட்டனும் வேலை செய்தால் ஆள் குழம்பிப் போவானே என்றார். அன்றைக்கு அவள் சாப்பிடக்கூட வரவில்லை. அதெல்லாம் முடிந்த கையோடு அவருக்கு மறந்தும் போயிற்று. ஒரு நாளைக்கு இருபது பொருளைச் சந்தேகப்படுகிறவர் எதையென்று ஞாபகம் வைத்திருப்பார்?

"நான் உண்மையை எழுதினேன். நீங்க இல்லைன்னு சொல்லிட்டீங்க. இப்ப நான்தான் பொய்க்காரி" என்றாள் பெண். "ரெண்டு வருஷமா இதுக்குத்தான் படிச்சேன்ப்பா."

ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவர், பெற்ற பிள்ளை நேர்மையாக எழுதியிருப்பாள் என்று மட்டும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கவில்லை. அவமானமாக இருந்தது.

"போனை எடுங்க" என்றாள் மனைவி.

அலுவலகம் மூடியிருந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, வேலைக்குப் போகாமல், நேற்று வந்த எண்ணுக்கே கூப்பிட்டார்.

"நேத்து நான் பொய் சொன்னேன்மா. கணக்கைப் பார்த்தேன். மூணு தடவை பார்த்தேன்."

ஒருங்கிணைப்பாளரின் குரலில் நேற்றைய மென்மை இல்லை. "நேத்து பார்க்கலைன்னீங்க. இன்னைக்குப் பார்த்தேங்கறீங்க. இதுல எது பொய்னு எனக்கு எப்படித் தெரியும்? பொண்ணு எழுதினதைக் கையில வச்சுக்கிட்டே நீங்க படிக்கலாமே."

வேறு யாராவது இப்படி மாட்டியிருந்தால் அவரும் இதையேதான் கேட்டிருப்பார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தேகத்தின் அந்தப் பக்கத்தில் நின்றார். நிற்கவே முடியவில்லை.

"அப்ப எழுதாததைக் கேளுங்க" என்றார்.

"ரெண்டு பட்டனும் ஒரே மாடியில வேலை செஞ்சா என்ன ஆகும்னு கேட்டிருக்கீங்க. அதை ஏன் கேட்டீங்க? அது விண்ணப்பத்துல இல்லை."

"பயத்துலம்மா. எங்க வேலையில ஒரே நேரத்துல ஏறுன்னும் இறங்குன்னும் ரெண்டு உத்தரவு வந்தா, அந்த இடத்துலதான் ஆபத்து. புதுசா ஒரு லிஃப்ட் பெட்டியைத் தொட்டா முதல்ல அதைத்தான் பார்ப்பேன். அதான் கேட்டேன். எந்த மாடியிலயும் ஒரு பட்டன்தான் வேலை செய்யும், அதனால வழி பிரியவே பிரியாதுன்னு அவ கண்டுபிடிச்சா. அதுல இருந்து மத்ததெல்லாம் எப்படி வந்துச்சுன்னு எனக்கு இன்னும் புரியல. கேள்விதான் என்னுது. விடை முழுக்க அவளுது."

எழுதுகிற சத்தம் மறுபடி கேட்டது. "வெள்ளிக்கிழமை முடிவு வரும்" என்று வைத்துவிட்டாள்.

அந்த நான்கு நாளும் வீட்டில் ஒருவரும் உரக்கப் பேசவில்லை. மெக்கானிக் முட்டையைக்கூடப் பார்க்காமல் வாங்கி வந்தார். இரண்டு அழுகியிருந்தன.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. எடுத்துவிட்டார்கள். பெண் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. மனைவி கடிதத்தை வாங்கி, முத்திரையை உற்றுப் பார்த்து, "அசல்தான். நீங்க பார்க்க வேண்டாம்" என்று அவர் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

முகாமின் முதல் நாள் மூன்று பேரும் போனார்கள். விடுதியில் பெட்டிகளை ஏற்ற லிஃப்ட் இருந்தது. மெக்கானிக் பிள்ளையைப் படியில் ஏறி வரச் சொல்லிவிட்டு, தான் மட்டும் லிஃப்டில் இரண்டு தடவை மேலும் கீழும் போய் வந்தார். "பரவாயில்லை. இதுல போகலாம்" என்றார். அதுதான் அவர் கொடுத்த வழியனுப்பு. பெண்ணுக்கு அது புரிந்தது, அவர் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவர் ஒரு முடிவு எடுத்தார். இனிமேல் பிள்ளை எது சொன்னாலும் நம்புவது. பட்டது போதும்.

இரண்டாவது வாரம், சனிக்கிழமை மத்தியானம் அவள் கூப்பிட்டாள். புதுக் கணக்கு ஒன்று போட்டிருக்கிறாளாம். நூறு விளக்கு, நூறு சுவிட்ச், என்னென்னவோ. கடகடவென்று நிரூபணத்தைப் படித்தாள். மெக்கானிக் முழுசாகக் கேட்டார். அவ்வளவு பெருமையாக இருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. சரியாத்தான் இருக்கும்" என்றார்.

"அப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கேன்."

"பக்கத்துல யாராவது இருக்காங்களா? அம்மா ஏதாவது சொல்லச் சொன்னாங்களா?"

"இல்லம்மா. நம்பறேன், அவ்வளவுதான்."

"இங்கயும் எல்லாரும் நம்பறாங்கப்பா" என்றாள் மெதுவாக. "நான் எது சொன்னாலும் சூப்பர்ங்கறாங்க. எங்க தப்புன்னு சொல்ல ஆளே இல்லை. ராத்திரி படுத்தா பயமா இருக்கு."

மெக்கானிக் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். மனைவி வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்த முடிவு, பட்ட அவமானம் எல்லாவற்றையும் ஒரு மூச்சில் ஓரம் கட்டினார்.

"சரி. ரெண்டாவது வரியில எல்லா விளக்கும் ஒருதடவையாவது எரியும்னு சொன்னியே. கடைசி விளக்குமா? எனக்கு நம்பிக்கை வரலியே."

அங்கே நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது, தாள் புரள்கிற சத்தம் கேட்டது.

"இருங்க" என்றாள் வக்கீலம்மா. "வச்சுடாதீங்கப்பா."