ஒரு சுற்று ஓடிக் காட்டு

விளையாட்டு மாஸ்டருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் விசில். இருபத்தோரு வருஷம் மைதானத்தில் ஊதித் தள்ளிய மனிதர், நுரையீரல் கெட்டு இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியபோது, சூடான காபியை ஊதிக் குடிக்கவே திராணியில்லாமல் இருந்தார்.

டாக்டரம்மா விவரமாகச் சொல்லித்தான் அனுப்பினார். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷ நடை, அடுத்த வாரம் எட்டு. நடக்கும்போது ஒரு வாக்கியத்தைத் திணறாமல் முழுசாகப் பேச வேண்டும். முடியாவிட்டால் உட்கார்ந்துவிட வேண்டும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட வேண்டும். அவர் சொல்லும்வரை ஓட்டம் கிடையவே கிடையாது.

நம்ம ஆள் கேட்பாரா? ஐந்து நிமிஷ நடையெல்லாம் கைக்குழந்தைக்கு என்று சொல்லி, இரண்டாம் நாளே மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்துத் தெருவில் இறங்கி ஓடினார். போனது ஓட்டத்தில். திரும்பி வந்தது காய்கறிக்காரரின் தள்ளுவண்டியில், முட்டைக்கோஸ்களுக்கு நடுவே. அப்புறம் ஒன்பது நாள் படுக்கை. இன்னொரு தடவை இப்படிச் செய்தால் நுரையீரல் பழைய நிலைக்கு வராமலே போகலாம் என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றுதான் மனுஷனுக்குப் பயம் வந்தது.

அதன்பிறகு மனைவி தபாலாபீஸ் வேலைக்குக் கிளம்பும் முன் தானே கூட நடந்தாள். நட, நில், திரும்பு என்று அவர் பேசியதையெல்லாம் அவள் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு முழு வாக்கியம் வேண்டும் என்றாள். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் பெண்டாட்டியிடம் பேச விஷயம் தேடி அவர் தவித்தது அதுவே முதல் தடவை. மூன்றாவது விளக்குக் கம்பத்தடியில் ஒருவழியாகக் கிடைத்தது.

"மூச்சு வாங்குது, கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?"

இந்த வாக்கியத்தை அவர் பல குரல்களில் கேட்டிருந்தார். எங்கே கேட்டோம் என்று யோசிக்கத்தான் அவருக்கு மனம் வரவில்லை.

ஏழு வாரத்தில் இருபது நிமிஷம் நடக்க முடிந்தது. இலேசான வேலை பார்க்கலாம், இன்னும் ஒரு மாதம் ஓடக் கூடாது என்று டாக்டரம்மா கடிதம் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தியபடி பள்ளிக்கூடம் போனார். எட்டாம் வகுப்பு மைதானத்தில் வரிசையாக நின்றிருந்தது. பக்கத்தில் நின்ற தலைமையாசிரியை கடிதத்தை வாங்கிப் பொறுமையாகப் படித்தார்.

"லெட்டர் சரியா இருக்கு சார். ஆனா சுவத்துல வேற மாதிரி எழுதியிருக்கே."

மைதானச் சுவரில் சிவப்புப் பெயிண்டில், அவருடைய கையெழுத்திலேயே இருந்தது: உடம்பு சரியில்லை என்பவர் முதலில் ஒரு சுற்று ஓடிக் காட்டவும். பிள்ளைகளின் சாக்குப்போக்கை ஒழிக்க அவர் கண்டுபிடித்த வழி அது. ஓடி முடித்த பிள்ளையிடம், ஓட முடிகிறதே, அப்புறம் என்ன சீக்கு என்பார். பாதியில் விழுந்த பிள்ளையிடம், நடிக்காதே என்பார். இத்தனை வருஷத்தில் அவரிடம் ஒரு பிள்ளைக்குக்கூடச் சீக்கு வந்ததில்லை.

நாற்பது ஜோடிக் கண்கள் அவரைப் பார்த்தன. பாழாய்ப்போன வீராப்பு தலைதூக்கியது. ஒரே ஒரு சுற்றுதானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று ஒரு கால் முன்னே போயும்விட்டது. அப்போது முட்டைக்கோஸ்கள் நினைவுக்கு வந்தன. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"என்னால ஓட முடியாது மேடம். ஓடினா திரும்ப படுத்துடுவேன்."

போன வருஷம் மஞ்சள் காமாலையில் ஒரு மாதம் கிடந்துவிட்டு, வந்த அன்றே ஓடி விழுந்த பெண் வரிசையின் கடைசியில் நின்றிருந்தாள். அவள் குரலை உயர்த்தாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நடிக்காதீங்க சார்."

தலைமையாசிரியை அவளைக் கண்டிக்கவில்லை. மாஸ்டருக்கும் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது, காது மடல்வரை. பியூனிடம் சொல்லி ஒரு வாளி சுண்ணாம்பும் பிரஷ்ஷும் கொண்டுவரச் செய்தார்.

சிவப்புப் பெயிண்ட் இலேசில் மறைவதாக இல்லை. மூன்று நாள் ஆயிற்று. பத்து நிமிஷம் பூசுவதும், மூச்சு வாங்கினால் சுவரடியில் உட்காருவதுமாக இருந்தார். எட்டாம் வகுப்பு பார்த்துக்கொண்டேதான் இருந்தது. அவரை யாரும் ஓடிக் காட்டச் சொல்லவில்லை.