ஒரு மணி நேர ஆளுநர்

துணை ஆளுநர் வில்மா ட்ராஸ்க் தன் அறையிலிருந்து கழிவறைக்குப் போக வேண்டுமானால் அந்தப் புகைப்படத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சட்டமன்ற மாளிகையைக் கட்டியவர்கள் பெண்கள் பதவிக்கு வருவார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. அந்தத் தளத்தில் பெண்களுக்கு ஒரே ஒரு கழிவறை, அதுவும் மாநிலச் செயலாளர் அலுவலகத்தை ஒட்டி. அதன் பக்கத்துச் சுவரில், ஆளுயரச் சட்டத்துக்குள், மாநிலச் செயலாளர் ரோசலின் பெட்டிஃபோர்ட் ரப்பர் பூட்ஸ் அணிந்து, மணல் மூட்டைமேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கீழே பெரிய எழுத்தில்: 'பொறுப்பு ஆளுநராக, வெள்ள நிவாரண ஆணையில்.'

வில்மா தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார்.

அந்த மாநிலத்தின் அரசியல் சட்டம் ஒரு விஷயத்தில் மகா கறார். ஆளுநர் எல்லையைத் தாண்டிய நொடியிலிருந்து அதிகாரம் துணை ஆளுநருக்கு. அவரும் எல்லைக்குள் இல்லையென்றால் மாநிலச் செயலாளருக்கு. ஆளுநர் ஜூடித் ஹால்வர்சன் மூன்று வருஷத்தில் வெளியே காலெடுத்து வைத்தது ஒரே ஒரு நாள்தான், வாஷிங்டனில் ஒரு மாநாட்டுக்காக. அன்று பார்த்து வில்மா ஆற்றுக்கு அக்கரையில், பக்கத்து மாநிலத்துக் கடையில், தள்ளுபடிக் காலணிகளைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரம். அதற்குள் ஆறு பெருகியது, ரோசலின் பூட்ஸை மாட்டினார், வரலாறு நடந்து முடிந்துவிட்டது. வில்மாவுக்கு மிச்சம் ஒரு ஜோடி பழுப்புக் காலணி. அதுவும் கடித்தது.

மாநிலத்தின் முதல் நான்கு பதவிகளிலும் பெண்கள் என்று பத்திரிகைகள் பூரித்துப் போயிருந்தன. 'ஒரே குடும்பம் போல' என்று ஒரு வார இதழ் அட்டையிலேயே போட்டது. தப்பில்லை. நான்கு ஓரகத்திகள் ஒரே அடுப்படியில் நிற்கிற குடும்பமும் குடும்பம்தானே.

மே மாதத்தில் ஒரு நாள், இருபது வருஷமாக வில்மாவின் உதவியாளராக இருக்கும் டார்லீன் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"மேடம், ஒரு சேதி. கவர்னரோட பொண்ணுக்கு சனிக்கிழமை பட்டமளிப்பு. அக்கரையில இருக்கற காலேஜ்."

"அந்தம்மா போகாது. சொந்தத் தங்கச்சி கல்யாணத்தையே போன்ல பாத்த ஆளு."

"இந்தத் தடவை போறாங்க. பொண்ணு அழுது ரகளை பண்ணிடுச்சாம். காலையில ஹார்லன் ஃபெரி பாலத்தைத் தாண்டி, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிடுவாங்க."

வில்மா எழுந்தே நின்றுவிட்டார். "கையெழுத்துப் போட என்ன இருக்கு?"

"ஒண்ணும் பெருசா இல்ல. அந்தப் பாலத்துக்குப் புதுப் பேர் வைக்கற ஆணைதான் ஆறு மாசமா கவர்னர் மேசையில தூங்குது."

"பாலம்! அதுக்கென்ன குறைச்சல்? பாலத்துமேலயே மேசையைப் போடு. டிவிக்காரங்களைக் கூப்பிடு."

டார்லீன் கொஞ்சம் தயங்கினாள். "அரசு முத்திரை ரோசலின் மேடம் பொறுப்புல இருக்கு. அவங்க நேர்ல வந்து குத்தினாத்தான் செல்லும்."

வில்மா மறுபடி உட்கார்ந்தார். "வரட்டும். குத்தட்டும். ஆனா போட்டோவுல மட்டும் வரக்கூடாது."

சனிக்கிழமை ஆளுநரின் கார் தாண்டிப் போனதும் பாலத்தின் இரண்டு முனைகளிலும் தடுப்பு போட்டுப் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். சிவப்புக் கம்பளம், இருபுறமும் பூந்தொட்டிகள், உள்ளூர்ப் பள்ளி வாத்தியக் குழு. இரும்பு முத்திரை இயந்திரத்தை நான்கு பேர் முனகிக்கொண்டே தூக்கி வந்து ஒரு பீடத்தில் இறக்கினார்கள். அதை விட்டு நகரக்கூடாது என்பது விதி என்பதால் ரோசலின் அதன் பக்கத்திலேயே நின்றார், அகலமான மஞ்சள் தொப்பியில், சூரியகாந்தி மாதிரி.

ஆளுநரின் கார் பத்து நாற்பதுக்கு அக்கரை சேர்ந்தது என்று காவலர் வந்து சொன்னார். வில்மாவின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"மேடம், ஓரத்துல செயலாளரம்மாவோட தோள் வருது," என்றார் பத்திரிகைப் புகைப்படக்காரர் பெர்னி.

"மேசையைத் தள்ளிப் போடுங்க."

தள்ளிப் போட்டார்கள்.

"இப்ப தொப்பி வருது."

"இன்னும் தள்ளுங்க."

"இப்ப எல்லாம் சரி. தொப்பியோட நிழல் மட்டும் லேசா..."

"நிழலும் வேண்டாம்!"

மூன்றாவது முறையும் மேசை நகர்ந்தது. கடைசியில் பெர்னியின் கண்ணுக்கு வில்மாவும் ஆறும் ஆகாயமும் மட்டுமே தெரிந்தன. அவ்வளவு போதும் என்றார் வில்மா.

பெரிய ஆணைகளில் ஒவ்வொரு பேனாவாலும் பெயரில் ஒரு துணுக்கை எழுதி, அந்தப் பேனாவை முக்கியஸ்தருக்கு நினைவுப் பரிசாகக் கொடுப்பது அங்கே வழக்கம். வில்மா தன் பெயர் பொறித்த இருபத்துநான்கு பேனாக்களைச் செய்து வைத்திருந்தார். கவுன்சிலர்கள், பாலப் பொறியாளர், வங்கி மேலாளர், அவர் மனைவி, அவர் மச்சினன் என்று கொடுத்துத் தீர்த்தார். பேனாவுக்கு ஒரு கைதட்டல். கையெழுத்து முடியவே எட்டு நிமிடம் ஆயிற்று.

டார்லீன் காகிதத்தை ரோசலினிடம் கொண்டுபோனாள். ரோசலின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். முத்திரைமேல் கை வைக்கவில்லை.

"வில்மா கண்ணு," என்று குரல் கொடுத்தார். "'கையொப்பமிட்ட இடம்'னு ஒரு கட்டம் காலியா இருக்கே. என்ன எழுதட்டும்?"

"ஹார்லன் ஃபெரி பாலம். இதுல என்ன சந்தேகம்?"

"பாலந்தான். எந்த மாநிலம்?"

காலணி நுனியால் ஒரு பூந்தொட்டியை நகர்த்தி, கம்பளத்தின் ஓரத்தை விலக்கினார் ரோசலின். அடியில் வெள்ளைக் கோடு. மாநில எல்லை. மேசையும் வில்மாவும் கோட்டுக்கு அந்தப் பக்கம், பக்கத்து மாநிலத்தில் இருந்தார்கள். அது ரோசலினுக்கு எப்போது தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

"நீங்க ஊர்லயே இல்லையே, கண்ணு."

வாத்தியக் குழுவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அப்ப நீங்க இங்க வந்து குத்துங்களேன்!" என்றார் வில்மா, காது சிவக்க.

"நானும் அங்க வந்துட்டா மாநிலம் பொருளாளர் நோர்மா கைக்குப் போயிடும். அவ இந்நேரம் பல் டாக்டர்கிட்ட வாயத் திறந்துட்டு உக்காந்திருப்பா. பாவம், அவ தலையில எதுக்கு இந்தப் பாரம்? நீங்க இந்தப் பக்கம் வந்து இன்னொரு தடவை போட்டுடுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

அக்கரையிலிருந்து கார் ஹார்ன் விடாமல் அலறியது. காவலர் ஓடி வந்தார்.

"மேடம், கவர்னர்! தடுப்புக்கு அந்தப் பக்கம் நிக்கறாங்க."

பட்டமளிப்பு அரங்கில் யாரோ ஆளுநரிடம் போனை நீட்டியிருக்கிறார்கள். நேரலையில் வில்மாவின் முகம், கீழே 'பொறுப்பு ஆளுநர்' என்ற எழுத்து. மகளின் பெயர் பட்டியலில் முன்னாலேயே வந்தது மகளின் அதிர்ஷ்டம்.

"தடுப்பை எடுக்காதீங்க!"

"எடுக்கல மேடம். எறங்கி நடந்து வர்றாங்க."

வில்மா கோட்டைத் தாண்டி ஓடி வந்து காகிதத்தைப் பிடுங்கினார். பேனா இல்லை. இருபத்துநான்கும் இருபத்துநான்கு பைகளுக்குள் போயிருந்தன. வங்கி மேலாளரின் மச்சினன் தன் சட்டைப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.

"இந்தாங்க," என்று ரோசலின் தன் பேனாவை நீட்டினார். அதில் பொன்னெழுத்தில் 'ரோசலின் பெட்டிஃபோர்ட், மாநிலச் செயலாளர்'.

பெர்னி கேமராவை உயர்த்தினார். வில்மாவுக்கு அந்தப் படம் எடுக்காமலே தெரிந்தது. தான் குனிந்திருக்க, மேலே மஞ்சள் தொப்பி சிரிக்க, கையில் அவள் பேனா. நீட்டிய கை பாதியில் நின்றது.

"வேற பேனா இல்லையா? டார்லீன், பென்சிலாவது!"

டார்லீன் கைப்பையைக் குடைந்தாள். உதட்டுச்சாயம் வந்தது, இருமல் மிட்டாய் வந்தது, வீட்டுச் சாவி வந்தது. குதிகால் செருப்பின் சத்தம் டக் டக்கென்று நெருங்கி, கோட்டைத் தாண்டி, நின்றது.

"அடடே, நம்ம பாலத்து ஆணையா?" என்றார் ஆளுநர், மூச்சு வாங்க. "எனக்காகக் காத்திருந்தீங்களா வில்மா? எவ்வளவு நல்ல மனசு!" ரோசலினின் கையிலிருந்த பேனாவை எடுத்து ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டார். முத்திரை இறங்கியது. வாத்தியக் குழு வாசித்தது.

கூட்டம் ஆளுநரைச் சூழ்ந்துகொண்டதும் ரோசலின் வில்மாவின் முழங்கையைத் தொட்டார்.

"மனசு விட்டுடாதீங்க. பத்து நாப்பதுலேர்ந்து பதினொண்ணு அம்பத்தஞ்சு வரைக்கும் நீங்கதான் கவர்னர். பதிவேட்டுல என் கையாலயே எழுதி வெக்கறேன்."

அன்று முதல் தடவையாக வில்மாவுக்கு அந்தத் தொப்பிகூட அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. "முழுசா எழுதுவீங்களா?"

"பின்ன? நீங்க அந்தப் பக்கம் நின்ன பதினோரு நிமிஷத்தை மட்டும் கழிச்சுட்டு."

வில்மா வெள்ளைக் கோட்டைத் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பதினோரு நிமிஷம் யாரு கவர்னர்?"

"அட விடுங்க கண்ணு, அதெல்லாம் ஒரு விஷயமா," என்றார் ரோசலின், பெர்னியைக் கைகாட்டி அருகில் அழைத்தபடி.