நான்கு விரல் பிசகு

படகு கட்ட வரைபடம் போடும் அவர், தன் முப்பத்தோராவது வயதில் வரைந்த பாய்மரப் படகைத் தவிர, அதன்பின் வேறு எதுவும் அவருடைய தாளில் தங்கவில்லை. விசைப்படகை வரைந்தாலும் சரக்குத் தோணியை வரைந்தாலும், மை காய்வதற்குள் கோடுகள் நகர்ந்து அந்தப் பழைய படகாகவே கூடிக்கொண்டன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காவது உலக வழக்கம். இவருக்கு எதைப் பிடித்தாலும் பிள்ளையாரே வந்து உட்கார்ந்தார்.

அந்தப் படகு பிறந்ததும் ஒரு பிசகில்தான். அகலத்திலிருந்து பலகையின் கனத்தை ஒருமுறை கழிக்க வேண்டிய இடத்தில் இருமுறை கழித்துவிட்டார். பின்பக்கம் நான்கு விரல் ஒடுங்கிப்போனது. ஆறு பேர் படுத்துறங்கும் குடும்பப் படகு, அடுப்பில் வைத்த தேநீர் சிந்தாமல், பந்தயப் படகுகளை முந்திக்கொண்டு போனது. வாங்கியவர்கள் விற்கவில்லை, இறந்தவர்கள் மகள்களுக்கு விட்டுப்போனார்கள். புதிதாகக் கேட்டு வந்தவர்களின் வரிசை பட்டறை வாசலைத் தாண்டியது. துறைமுகத்தில் அவருக்கு ‘ஒத்தைப்படகு’ என்று பெயர் விழுந்தது. அது தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

பட்டறைக்கு மேலிருந்த ஒற்றை அறையில் குடித்தனம். சுவரெல்லாம் உப்பு கசிந்தது. மனைவிக்கு ஈரம் ஆகவில்லை. மேட்டுப் பக்கம் போய் இருந்தால்தான் நெஞ்சு தேறும் என்றார் டாக்டர். “வேற மாதிரி ஒரே ஒரு படகு வரைஞ்சுடறேன். மறுநாளே கிளம்பிடலாம்” என்றார் இவர். பொய் சொல்லவில்லை, அந்தப் பட்டப்பெயரோடு ஊரைவிட்டுப் போக மனம் வரவில்லை, அவ்வளவுதான். இருபத்தாறு வருடம் ஓடியது. அவளுடைய இருமலை வைத்தே பட்டறை ஆட்கள் மணி சொன்னார்கள். அவருக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் காலையில் கை அளவுகோலைத்தான் தேடிப் போனது.

ஒரு நாள் அவள் ரத்தம் படிந்த துணியை மடித்து வரைபலகைமேல் வைத்தாள்.

“நான் படகு கேக்கல. ஒரு வீடு வரைங்க. நாலு சுவர், ஒரு கதவு. அது போதும்.”

அழுதுகொண்டே வரைந்தார். மை காய்ந்தபோது தாளில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த முறை கிழிக்கவில்லை. அப்படியே சுருட்டிக் கொத்தனாரிடம் கொடுத்தார்.

“ஐயா, கதவு கூரையில இருக்கே?”

“இருக்கட்டும். கட்டுங்க.”

கடல் தெரியாத மேட்டில் வீடு எழும்பியது. மனைவி கூரைக்கதவு வழியே இறங்கிப்போய், அடுப்பைத் தொட்டுப் பார்த்து, “இடம் சின்னதுதான். ஆனா எல்லாம் கைக்கெட்டுது” என்றாள். மூன்றாம் மாதம் இருமல் நின்றது. படகில் இருப்பது போலவே சுவரோடு பதித்த கட்டிலில் அவள் நிம்மதியாக மூச்சுவிடுவதைக் கேட்டபடி, வளைந்த சுவர்களுக்கு நடுவில் அவர் கண் விழித்துக் கிடந்தார்.

காற்று பலமாக அடித்த நாட்களில் அந்த வீடு லேசாகச் சாய்ந்து, பக்கத்து மூன்று வீடுகளை முந்திப் போய் நின்றது. தபால்காரர் அன்றைக்கு அது எந்தச் சரிவில் இருக்கிறது என்று கீழேயே விசாரித்துக்கொண்டு மேலேறுவார். அவர் கொண்டுவந்த கடிதங்களில் பாதி, அதே மாதிரி ஒரு வீடு வரைந்து தரச் சொல்லி வந்தவை.