இரண்டாவது பின்

வளைவைத் தாண்டி ஒரு வண்டி இறங்குகிறது, ஓட்டுகிறவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பின்சக்கரத்தைப் பார்க்கிறேன், ஆடுகிறதா, ஆடவில்லை, பின்சீட்டில் சிறுமி இருக்கிறாளா, இல்லை, இரண்டு பலாப்பழங்கள்தான், அப்படியானால் இது பொன்னுரங்கன் இல்லை, அடுத்த வண்டி வரட்டும், கொல்லிமலை அடிவாரத்தில் காலை வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள், அதில் எந்த வளைவில் அந்த மனிதர் மகளோடு இறங்கிக்கொண்டிருக்கிறார், சக்கரத்தின் நட்டு எத்தனை சுற்று கழன்றிருக்கும். நல்லமுத்து மேலே ஏறிப் போய் அரை மணி நேரமாகிறது, என் கணவரின் தம்பி, ராசிபுரத்தில் மெக்கானிக், நீங்க இங்கயே நில்லுங்க அண்ணி, நான் எதிர்ல போய்ப் பாக்கறேன், என் கண்ணுக்குத் தப்பி வந்துட்டா நீங்க மறிச்சிருங்க என்று சொல்லிவிட்டுப் போனான், போகிறபோதும் எங்கள் தாளை அச்சடித்த அந்த அச்சகக்காரரைத் திட்டிக்கொண்டே போனான், நான் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறந்திருக்க வேண்டும், காலையிலேயே, ஆனால் கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது, ஓர் அச்சகத்தில் பதினோரு வருஷம் மெய்ப்புத் திருத்திவிட்டு வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில், மலைக்காரங்க பஞ்சர் ஆனா மைல் கணக்குல வண்டியத் தள்றாங்க அண்ணி, ஸ்பேனர், டயர் நெம்புற லீவர், ட்யூப், பம்பு எல்லாத்தையும் ஒரே பையில போட்டுக் குடுத்தா என்ன என்று அவன் கேட்கிறான், எப்படி மாட்டுவது என்று ஒரு தாளில் நீங்க எழுதிருங்க என்கிறான், எனக்குச் சிறகு முளைத்துவிட்டது, ஒற்றுப்பிழை பார்த்தே தேய்ந்த கைக்கு இப்படி ஒரு தொழில் வரும் என்று யார் நினைத்தார்கள், கான்வாஸ் துணியை நானே வெட்டித் தைத்தேன், அடுப்படியில் உட்கார்ந்து அவன் சொல்லச் சொல்ல எழுதினேன், சக்கரத்த மாட்டி நட்ட இறுக்கின பின்னாடி மறக்காம பின்னு போடணும் அண்ணி, நட்டுத் துளையில இந்தக் கம்பியச் சொருகி ரெண்டு காலையும் மடக்கி விட்டாத்தான் நட்டு கழலாது, அதையும் எழுதினேன், நட்டை இறுக்கிய பின் பின் போடவும்.

அச்சாகி மெய்ப்பு வந்தது, ஒரே சொல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முறை நிற்கிறது, கை தானாகப் போயிற்று, சிவப்புப் பேனா ஒரு பின்னை அடித்துவிட்டது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அச்சுக் கோர்க்கவே தெரியவில்லை என்று உச்சுக் கொட்டியதுகூட நினைவிருக்கிறது, அவ்வளவு கர்வம் எனக்கு. இன்று காலை ஆத்தூர்க்காரர் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார், நட்டு பாதி கழன்றிருந்தது, பழைய பின் ஒடிஞ்சு போச்சு, புதுசு போடணும்னு தாள்ல இல்லீங்களே என்றார், நல்லமுத்து தாளை வாங்கிப் படிக்கிறான், நட்டை இறுக்கிய பின் போடவும், எதைப் போட, அச்சகத்துல ஒரு பின்ன முழுங்கிட்டானே என்று கத்துகிறான், நான் பெயர்கள் எழுதிவைத்த நோட்டைத் தேடி எடுக்கிறேன். பை வாங்கிய எல்லோருக்கும் போன் போட்டோம், யாரும் இன்னும் சக்கரத்தைக் கழற்றவில்லை, பொன்னுரங்கன் ஒருவர்தான் மிச்சம், அவர் மனைவி எடுத்தார், நேத்துத்தானுங்க உங்க பையை வச்சு அவரே ட்யூப் மாத்துனாரு, புள்ளைய ஆஸ்டல்ல விடக் கெளம்பிட்டாரு, போனை மறந்து வச்சிட்டுப் போயிட்டாருங்க.

வருகிறது, இரண்டு வண்டிகள், முன்னால் வருவதில் மடியில் பெட்டியை அணைத்தபடி ஒரு சிறுமி, நான் நடுச்சாலைக்கு ஓடுகிறேன், பின்னால் வரும் நல்லமுத்து கையை ஆட்டுகிறான், பின் போட்டிருக்காரு அண்ணி, பயப்படாதீங்க, நான் நம்பவில்லை, மண்ணில் மண்டியிட்டுப் பார்க்கிறேன், நட்டுத் துளையில் அந்தச் சின்னக் கம்பி இரண்டு காலையும் மடக்கிக்கொண்டு இருக்கிறது, தொட்டுப் பார்க்கிறேன், அழுகை வந்துவிட்டது. பொன்னுரங்கனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஏனுங்க, நட்டை இறுக்கிய பின் போடவும்னுதானுங்களே போட்டிருக்கு, புள்ள படிச்சுது, நான் பின்னைப் போட்டேன் என்கிறார், பிறகு என்ற பொருளில் நான் விட்டுவைத்த பின்னை அந்தப் பிள்ளை கம்பியாகப் படித்திருக்கிறது.

நல்லமுத்து சிரிக்கிறான், பயம் விட்ட சிரிப்பு, இருந்தாலும் நாளைக்குப் போய் அந்த அச்சகக்காரன் சட்டையைப் பிடிக்கத்தான் போகிறேன் என்கிறான், நான் இன்னும் எழுந்திருக்கவில்லை, பிரஸ்காரர் மேல தப்பில்ல தம்பி, அந்தப் பின்ன அடிச்சது நான்தான், சிரிப்பு நிற்கிறது, வளைவில் இன்னொரு வண்டி இறங்கி எங்களைத் தாண்டிப் போகிறது, நான் சக்கரத்தைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்க்கிறேன்.