இல்லாத மேடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் சகீனா பத்து ஊசிகளில் நூல் கோத்து, தையல் மேஜை ஓரத்தில் இருந்த துணி உருண்டையில் வரிசையாகக் குத்தி வைத்தாள். எட்டு மாதமாக அவள் எழுந்ததும் செய்கிற வேலை அது. லம்பாசா ஊரில், நசியா கடைத்தெருவில் இருந்த அவள் புருஷன் யூனுஸின் தையல் கடைக்கு வருகிறவர்கள், ஒரு ஊசியில் நூல் தீர்ந்ததும் அவன் பேச்சை நிறுத்தாமலே அடுத்ததை உருவி எடுப்பதைப் பார்த்து, என்ன வேகம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவனுக்கு இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. கிட்டே வந்து உற்றுப் பார்த்தாலொழிய வெளியே தெரியாது. ஆனால் அந்தப் பக்கத்து உலகம் கஞ்சித் தண்ணீருக்குள் கிடப்பது போலாகிவிட்டது. தலைநகர் சுவாவுக்குக் கப்பல் ஏறிப் போனால் பெரிய ஆஸ்பத்திரியில் கத்தி வைத்துப் பார்ப்பார்களாம். பார்வை வந்தவர்களும் உண்டு, வராமல் போனவர்களும் உண்டு என்று சொன்னார்கள். விஷயம் புருஷன் பெண்சாதி இரண்டு பேரைத் தவிர லம்பாசாவில் யாருக்கும் தெரியாது.

"கிளப்பு மீட்டிங்குக்குப் போறீங்களா?" என்று சகீனா கேட்டாள்.

"கூப்பிட்டு விட்டிருக்காங்களே. போகாட்டி நல்லாருக்காது."

"போங்க. போய் உக்காந்துட்டு வாங்க. வாயத் தொறந்துராதீங்க."

யூனுஸுக்கு முப்பத்தொன்பது வயது. யுத்தத்துக்கு முன்னால் நசியா ஹாக்கி அணி ஆரம்பித்த காலத்திலிருந்து அவன்தான் கோல்கீப்பர். கரும்புத் தோட்டத்தில் வரிசையாக நின்று கரும்பு வெட்டியவர்களின் பிள்ளைகள், தமிழ் முஸ்லிம்களும் இந்துக்களுமாகக் கூடி, கொய்யாக் கட்டையைச் செதுக்கி ஆடத் தொடங்கிய அணி அது. ஒரு காலத்தில் லவுத்தோக்காவிலிருந்து அணிக்காரர்கள் கப்பலேறி வந்து இவர்களோடு மோதிவிட்டுத் தோற்றுப் போவார்கள். இப்போது இரண்டு வருஷமாக ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை. ஓடத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகச் சர்க்கரை மில் அணிக்குப் போய்விட்டார்கள். மீதி இருந்தவர்களுக்கு முட்டி வலி இருந்தது, கரும்பு வெட்டு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள்.

போன செப்டம்பரில் லவுத்தோக்காக்காரர்கள் வந்தபோது மட்டும் ஒரு வாய்ப்பு கிடைத்தது. சமன் செய்தால் போதும், போட்டியில் நிலைக்கலாம். விசில் ஊத இரண்டு நிமிஷம் இருந்தபோது இடது பக்கத்திலிருந்து ஒரு பந்து வந்தது. அடித்த பந்துகூட இல்லை, மட்டையில் சரியாகப் படாமல் உருண்டு வந்தது. யூனுஸ் அதைப் பார்க்கவே இல்லை. முதுகுக்குப் பின்னால் கோல் பலகையில் அது 'டக்'கென்று மோதிய பிறகுதான் திரும்பினான். கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த கிளப்புக்காரன் பல்ராம் கத்தினான்: "அரே, மேட்டுல பட்டுத் திரும்பிருச்சு! நான் பாத்தேன்!" யூனுஸ் குனிந்து காலில் கட்டியிருந்த பேடின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான். யாரும் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் நசியா முழுக்க அந்த மேட்டைப் பற்றித்தான் பேச்சு. மறுநாள் சில பேர் போய் அந்த இடத்தில் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

அதற்கப்புறம் மேடு வளர்ந்தது. கிளப்புக் காரியதரிசி சுரேந்திரா பள்ளிக்கூட வாத்தியார், சின்ன வயசு, சுறுசுறுப்பானவன். அவன் மைதானத்தைப் படமாகவே வரைந்துவிட்டான். மைதானம் கெட்டதால்தான் ஆட்டம் கெட்டது, ஆட்டம் கெட்டதால்தான் ஆள் போனது என்பது அவன் கணக்கு. மைதானத்தை வெட்டிச் சமப்படுத்த வேண்டும், ஆற்றுப் பக்கம் நீட்ட வேண்டும், அந்தப் பக்கத்தில் முந்நூறு பேர் உட்காரத் தகரக் கூரை போட்ட கேலரி கட்ட வேண்டும். அதைப் பேசத்தான் இன்றைக்கு மீட்டிங்.

ஆற்றுப் பக்கத்தில் ஜான்கியின் தோட்டம் இருந்தது. அவள் புருஷன் ராமசாமி பதினாறு வருஷம் அந்த மைதானத்தில் புல் வெட்டி, உருளை இழுத்து, கோடு போட்டவன். அதற்குப் பதிலாகக் கிளப்பில் அந்தத் துண்டு நிலத்தைப் பயிர் வைத்துக்கொள் என்று வாயால் சொல்லிவிட்டிருந்தார்கள். அவன் செத்து நாலு வருஷம் ஆகிறது. ஜான்கி கத்தரியும் வெண்டையும் பயத்தங்காயும் போட்டுத் தலைச்சுமையாக லம்பாசா மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்றாள். யூனுஸ் அந்த வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போயிருக்கலாம். ஏனோ கால்கள் அந்தப் பக்கமே போயின.

"வா பாய். மீட்டிங்குக்கா?" ஜான்கி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஆமாக்கா."

"இந்த எடத்த எடுக்கப் போறாங்கன்னு மார்க்கெட்ல பேசிக்கிறாங்க. எங்கிட்ட யாரும் வந்து சொல்லல."

மில்லிலிருந்து கரும்புப்பாகு வாசனை காற்றில் வந்தது. அவள் அவனைப் பார்க்காமல் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அன்னிக்கி நான் இங்கதான் நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அங்க மேடு கெடையாது பாய். எம்புருஷன் ஒவ்வொரு மழைக்கப்புறமும் உருளை இழுத்த எடம் அது. நானும்தான் கூட இழுத்திருக்கேன். எங்க பள்ளம், எங்க மேடுன்னு என் காலுக்குத் தெரியும்." மண்வெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "உன்னக் குத்தம் சொல்லல. பந்து போறதுதான். எல்லாருக்கும்தான் போவுது" என்றாள்.

அவள் கொடுத்த நாலு கத்தரிக்காயை வேண்டாம் என்று சொல்லவும் அவனுக்குத் தெம்பில்லை. சட்டைப் பைகளில் திணித்துக்கொண்டு நடந்தான்.

மீட்டிங் சங்கத்துப் பள்ளிக்கூடக் கட்டிடத்தில் நடந்தது. பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சுகளில் முப்பது முப்பத்தைந்து ஆண்பிள்ளைகள் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மரத்தொட்டியில் நங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கலக்கி வைத்து, சிரட்டையில் மொண்டு குடிக்க ஆளுக்கு ஆள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சுரேந்திரா படத்தைக் கரும்பலகையில் ஆணியடித்து மாட்டியிருந்தான். மைதானம் பச்சையில், கேலரி நீலத்தில். இடது பக்கக் கோலுக்கு முன்னால் சிவப்பு மசியில் ஒரு வட்டம். யூனுஸ் அதைப் பார்த்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

சுரேந்திரா தமிழில் பேசினான். ஒவ்வொரு பேச்சையும், ஹிந்தி பேசியே வளர்ந்த இளவட்டங்களுக்காக, ஹிந்தியில் இன்னொரு தடவை சொன்னான். அதனால் எல்லாமே இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. பல்ராம் எழுந்து, கூரை மேற்குப் பக்கம்தான் வர வேண்டும், மழை அங்கேயிருந்துதான் அடிக்கிறது என்றான். இன்னொருத்தர், கூரை எதற்கு, முதலில் புல்லைப் பாருங்கள் என்றார். பெண்பிள்ளைகள் உட்காரத் தனி இடம் வேண்டுமா என்பதில் ஒரு மணி நேரம் போயிற்று. வேண்டும் என்றவர்களின் வீட்டுப் பெண்கள் ஒருவர்கூட இதுவரை ஆட்டம் பார்க்க வந்ததில்லை. கரும்பு ரயில் ஓட்டுகிற சிவன் மட்டும் சலிப்போடு கேட்டான்:

"போன சனிக்கிழம எத்தன பேர் எறங்கி ஆடுனோம்? ஒம்பது பேரு. கேலரில உக்காந்து யாரப் பாக்கப் போறீங்க?"

"கேலரி வந்தா ஆள் தன்னால வரும் சிவன் அண்ணே," என்றான் சுரேந்திரா. அவன் உண்மையாகவே அதை நம்பினான். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "நம்ம ஆளுங்க ஆட்டத்துல தோக்கல. மண்ணுலதான் தோத்தாங்க. நான் சொல்றத விடுங்க. யூனுஸ் பாய் இருக்காரு. அன்னிக்கி அந்தப் பந்துக்கு முன்னால நின்னவர் அவர்தான். பாய், நீங்களே எழுந்து ரெண்டு வார்த்த சொல்லுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். யூனுஸ் எழுந்தான். சகீனா சொன்னது ஞாபகம் இருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் யாரும் அவனை எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். எட்டு மாதமாக அவன் அப்படித்தான் இருந்தான். பொய் சொன்னதில்லை, சும்மா இருந்தான், அவ்வளவுதான். சும்மா இருப்பது இத்தனை பாரமாக இருக்கும் என்று அவனுக்கு முன்னால் தெரியாது. பேடைக் கட்டிக்கொண்டு நாலு மணி நேரம் வெயிலில் நின்றது போல முதுகு வலித்தது.

"அங்க மேடு இல்ல," என்றான். "எனக்குத்தான் கண்ணு தெரியல."

யாரோ சிரித்தார்கள். பல்ராம் எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்தான். "அரே பாய், பெரிய மனசு உனக்கு. பழிய நீ எதுக்கு எடுத்துக்கற? நான்தான் என் கண்ணால பாத்தேனே."

"நீ பாத்திருக்கலாம் பல்ராம். நான் பாக்கல. இந்தக் கண்ணுல பூ விழுந்து மாசக்கணக்காச்சு. வலது கண்ண மூடிக்கிட்டா நீ நிக்கிறது எனக்குப் பொக மாதிரி இருக்கு."

சிவன் பெஞ்சைத் தாண்டி வந்து யூனுஸின் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினான். இன்னொரு கையைத் தூக்கி, "எத்தன வெரலு?" என்று கேட்டான்.

"நீ கையத் தூக்கியிருக்கறதே எனக்குத் தெரியல."

சிரட்டை ஒருத்தர் கையில் அப்படியே நின்றது. திட்டுவார்கள் என்று யூனுஸ் எதிர்பார்த்தான். எங்களை இத்தனை நாள் ஏமாற்றினாயே என்று ஒருத்தர் எழுந்து கத்தியிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். யாரும் கத்தவில்லை. அடப் பாவமே என்றார்கள். முன் பெஞ்சில் ஒருவர் மெதுவாகப் பக்கத்திலிருந்தவரிடம், "என் மகனோட கோட்டுத் துணி அவர்கிட்டதான் இருக்கு" என்று சொன்னது அவன் காதில் விழுந்தது.

சுரேந்திரா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு திரும்பி, "சரி, மேட்ட விடுங்க" என்றான். "மேடு இருக்கோ இல்லியோ, கேலரி வேணுமா வேணாமா? அதத்தானே பேச வந்தோம்."

"அந்த எடத்துல ஜான்கி அக்கா பயிர் வச்சிருக்காங்க," என்றான் யூனுஸ், நின்றபடியே.

"தெரியும் பாய். ஆனா அது கிளப்பு எடம். எழுத்து எதுவும் கெடையாது. நாளைக்கே போன்னு யாரும் சொல்லல. இருக்கற வெள்ளாமைய எடுத்துக்கட்டும்."

அவன் குரலில் கெடுதல் எதுவும் இல்லை. கை தூக்கச் சொன்னார்கள். சிவனும் யூனுஸும் தவிர எல்லாக் கைகளும் மேலே போயின. அடுத்த சனிக்கிழமை கோலில் யார் நிற்பது என்று பேச்சு வந்தபோது, அணியில் இருக்கிற இளவட்டம் நிசாம் நிற்கட்டும் என்று அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இத்தனை வருஷம் யூனுஸ் நின்ற இடம் நிரம்புவதற்கு அவ்வளவு நேரம்தான் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து கத்தரிக்காய்களை எடுத்து வைத்துவிட்டு அவன் நடந்ததைச் சொன்னான். சகீனா அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடிவில், "நான் இத்தன மாசமா மூடி வச்சத நீங்க ஒரு நிமிஷத்துல தொறந்து வச்சுட்டு வந்துட்டீங்க," என்றாள். "அந்த அக்காவுக்கு எடமாவது மிஞ்சிச்சா?"

"இல்ல."

அவள் கத்தரிக்காயை எடுத்து நறுக்கத் தொடங்கினாள். மறுநாள் கோட்டுத் துணிக்காரர் வந்து, அவசரம் ஒன்றுமில்லை, அப்புறம் தைத்துக்கொள்ளலாம் என்று துணியை வாங்கிக்கொண்டு போனார். இன்னும் இரண்டு பேர் அதே மாதிரி வந்தார்கள். புதன்கிழமை யூனுஸ் கடைக்குள் வந்தபோது மிஷினில் சகீனா உட்கார்ந்திருந்தாள். ஒரு பழைய சட்டையைப் பிரித்துவிட்டுத் திரும்ப மூட்டிக்கொண்டிருந்தாள். "காலர் திருப்ப எனக்கு வரல. பக்கத்துல உக்காந்து சொல்லுங்க," என்றாள். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டு பேரும் அதற்கப்புறம் துணியைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அவன் ஆட்டம் பார்க்கப் போனான். கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பது அவனுக்குப் பழக்கமில்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நிசாம் நல்ல பையன்தான், பயப்படாமல் பாய்ந்தான். அப்படியும் இடைவேளைக்குள் நாலு பந்து போய்விட்டது. மூன்றாவது போனபோது பல்ராம் ஓடி வந்து யூனுஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா பாய், அதே மேடு! நான் சொன்னேனா இல்லியா?" என்றான். யூனுஸ் தலையை ஆட்டினான். ஆமாம் என்றா, இல்லை என்றா, அவனுக்கே தெரியவில்லை.

இடைவேளையில் ஆற்றுப் பக்கம் நடந்தான். அளவு எடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஜான்கியின் தோட்டத்துக்குள் பத்தடிக்கு ஒன்றாகப் புதுக் கட்டைகளை அடித்து, நுனியில் வெள்ளைச் சாயம் பூசியிருந்தார்கள். கத்தரிக்காயைப் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள் ஜான்கி. அவனைப் பார்த்துவிட்டு, வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"எப்ப ஆரம்பிக்கிறாங்களாம்?" என்று அவன் கேட்டான்.

"மரம் வரணுமாம். கப்பல் வரணுமாம். யாருக்குத் தெரியும்?"

கூடையின் இன்னொரு காதைப் பிடித்து அவன் தூக்கினான். இரண்டு பேருமாக வரப்பு வரைக்கும் கொண்டுபோய் வைத்தார்கள். பின்னால் மைதானத்தில் விசில் ஊதியது. யாரோ உற்சாகமாகக் கத்தினார்கள். யூனுஸ் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் வலது பக்கத்தில், நல்ல கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில், ஒரு கட்டையின் அடியில் பயத்தங்கொடி ஒன்று புதிதாகக் கிளம்பியிருந்தது. வெள்ளைச் சாயத்துக்கு ஒரு சாண் கீழே வரை சுற்றி ஏறியிருந்தது. அதற்கு மேலே இன்னும் கட்டையைப் பற்றாத மெல்லிய நுனி, ஆற்றுக் காற்றில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடிக்கொண்டிருந்தது.