கப்பல் போட்ட காசு

மருந்துக்கடைக்கார அம்மா கைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்த தராசு ஒரு கைப்பேசி அளவுதான் இருந்தது. நாணயச் சங்கத்தில் சேர்ந்து அது அவருக்கு மூன்றாவது கூட்டம். புதிதாக வந்தவர்களுக்கே உரிய சுறுசுறுப்போடு, அன்று மேஜைக்கு வந்த ஒவ்வொரு காசையும் நிறுத்துப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்கின் முறை வந்தது. எல்லாருக்கும் பழக்கமான அந்தக் கப்பல் போட்ட வெள்ளிக் காசை அவர் எடுத்து நீட்டினார். எப்போதும் பிளாஸ்டிக் உறையோடுதான் காட்டுவார். அன்று அந்த அம்மா உறையைப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்க, அவரும் ஏதோ ஞாபகத்தில் பிரித்துக் கொடுத்துவிட்டார். தராசில் ஓர் எண் விழுந்தது. அந்த அம்மா காசை எடுத்து மறுபடி வைத்தார். சங்கத்தின் தடித்த புத்தகத்தைப் புரட்டினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, காசின் விளிம்பை வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்த்தார்.

“சார், இது அச்சுல அடிச்ச காசு இல்லையே. உருக்கி ஊத்துனது. ஓரத்துல ஒட்டுக் கோடு தெரியுது பாருங்க. எடையும் அஞ்சு கிராம் கம்மி.”

மாத்திரைக்குத் தேதி தாண்டிவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மெக்கானிக் சிரித்தபடியே மற்றவர்களைப் பார்த்தார். யாராவது ஒருவர் அந்த அம்மாவிடம் விவரம் சொல்லித் திருத்துவார்கள் என்று காத்திருந்தார். கீழே டிரைவிங் ஸ்கூல், மேலே அதன் வகுப்பறை. அதைத்தான் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலையில் சங்கத்துக்கு வாடகையில்லாமல் விட்டிருந்தார்கள். சுவர் முழுக்கச் சாலைக் குறிகள் வரைந்த படங்கள். அன்றைக்கு எட்டுப் பேர். பஸ் கண்டக்டர் ஏற்கெனவே இறுக மூடியிருந்த டீ ஃபிளாஸ்க்கை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தார். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தி ஓய்வு பெற்ற செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் அவரவர் ஆல்பத்தில் மூழ்கிவிட்டார்கள்.

இருபத்தாறு வருட வேலையில் மெக்கானிக்குக் கைவந்த ஒரு வித்தை உண்டு. பாதியில் நின்றுபோன லிஃப்ட்டின் கதவை நெம்பித் திறந்ததும், உள்ளே இருக்கும் முகங்களைப் பார்த்தே யார் அதில் தினமும் போகிறவர்கள், யார் முதல் தடவை மாட்டியவர்கள் என்று சொல்லிவிடுவார். தெரிந்தவர்கள் முகத்தில் ஒரு சலிப்பு இருக்கும். பயம் புதியவர்களுக்கு மட்டும்தான். அந்த அறையில் அன்று திடுக்கிட்டவர்கள் இரண்டே பேர். மருந்துக்கடை அம்மா ஒருவர். மெக்கானிக் ஒருவர்.

“எல்லாருக்கும் தெரியுமா?” என்று கேட்டார்.

செயலாளர்தான் வாயைத் திறந்தார். “முதல் நாளே, உறைக்கு மேலயே தெரிஞ்சுபோச்சு. அடுத்த கூட்டத்துல சொல்லிடலாம்னு இருந்தோம். அடுத்த கூட்டத்துக்கு நீங்க எல்லாருக்கும் முன்னாடி வந்து நாற்காலியெல்லாம் துடைச்சுப் போட்டு வெச்சிருந்தீங்க. சரி, அதுக்கடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்னு விட்டோம். அப்படியே ஒன்பது வருஷம் ஓடிப்போச்சு.”

மெக்கானிக் காசை உறையில் போடாமல் அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். மருந்துக்கடை அம்மா பின்னாலேயே வந்து, தெரியாமல் சொல்லிவிட்டேன் சார் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். பரவாயில்லை, உங்கள்மேல் தப்பில்லை என்று இவரும் இரண்டு மூன்று தடவை சொன்னார். யார்மேல் தப்பு என்பதுதான் விளங்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு எதிர்த்திசையில் வெகுதூரம் போய்விட்டுத்தான் திரும்பினார்.

காசு போலி என்பதுகூடப் பெரிதில்லை. தம்பிதான் பெரிது. அவர்கள் அப்பா கப்பலில் சமையல்காரராக இருந்தவர். காய்ச்சலில் கிடந்த ஒரு கேப்டனைக் கஞ்சி வைத்துக் கொடுத்தே எழுப்பி உட்கார வைத்ததாகவும், கரை இறங்கும்போது அந்த ஆள் கையில் திணித்துவிட்டுப் போன காசு இது என்றும், ஊரில் இருக்கிற நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அப்பா போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து அண்ணனும் தம்பியுமாக அலமாரியைக் காலி செய்தபோது இந்தக் காசு அண்ணன் கையில் வந்தது. அவர் கண்கலங்கிப்போய் அந்தக் கேப்டன் கதையை ஆரம்பித்தார். தம்பி துணிகளை மடித்துக்கொண்டே, “கேப்டனும் இல்ல ஒண்ணும் இல்ல. அப்பா இதைச் சந்தையில வாங்கினாரு. நான் கூட இருந்தேன். டூப்ளிகேட்டு,” என்றான். பேச்சு முற்றி, செத்துப்போனவரைப் பொய்யர் என்கிறாயா என்று இவர் கத்தி, தம்பி சட்டையை உதறிக்கொண்டு வெளியேறி, அதோடு முடிந்தது. தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பது நான்கு தெரு தள்ளித்தான். ஒன்பது வருடமாக இவர் அந்தத் தெரு வழியாகப் போனதில்லை. அந்தச் சண்டை நடந்த அடுத்த மாதம்தான் சங்கத்தில் சேர்ந்தார். நாலும் தெரிந்தவர்கள் வாயால் இது அசல் என்று ஒரு வார்த்தை வாங்கி, தம்பி முகத்தில் எறிய வேண்டும் என்பதுதான் அன்றைய திட்டம்.

அந்த ஒரு வார்த்தையை அவர் வாங்கவே இல்லை என்பது மறுநாள் திங்கட்கிழமை, ஒரு ஆறு மாடிக் கட்டடத்தின் உச்சியில் மோட்டாருக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. கை அப்படியே நின்றுவிட்டது. ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட யாரிடமும் ‘இது அசல்தானே’ என்று அவர் கேட்கவில்லை. மற்றவர்கள் காசையெல்லாம் வாங்கி, பூதக்கண்ணாடி வைத்து, இது பையில் கிடந்து தேய்ந்தது, இது பெட்டியில் கிடந்து கறுத்தது என்று புட்டுப்புட்டு வைத்த மனிதர், தன்னுடையதை மட்டும் உறையை விட்டு வெளியே எடுத்ததில்லை. அப்படியானால் தனக்கே உள்ளுக்குள் தெரியுமா? தெரிந்தேவா தம்பியைத் தள்ளி வைத்தோம்? யோசிக்க யோசிக்கத் தலைகால் புரியவில்லை.

இன்னொன்றும் சேர்ந்து நினைவுக்கு வந்தது. வருடா வருடம் நூலகக் கூடத்தில் சங்கம் நடத்தும் கண்காட்சியில் அவர் காசுக்கு நடுமேஜையில் இடம். ஒவ்வொரு காசுக்கும் செயலாளர் தன் கையாலேயே சீட்டு எழுதி வைப்பார்: என்ன உலோகம், எந்த வருடம், எவ்வளவு எடை. இவருடைய சீட்டில் மட்டும் ஒரே வரி இருக்கும்: ‘ஒரு கப்பல் சமையல்காரர் தன் மகனுக்கு விட்டுச் சென்றது.’ தன் காசுக்குத் தனி மரியாதை என்று அதைப் பார்த்து ஒன்பது வருடமும் பூரித்துப் போயிருக்கிறார். முப்பது வருடம் பிழை திருத்தியவர் ஒரு தப்பான எழுத்தைக்கூட எழுத மனம் வராமல், உண்மையாக இருந்த அந்த ஒரு வரியை மட்டும் தேடிப் பிடித்து எழுதியிருக்கிறார் என்று இப்போது புரிந்தது. அதற்காகக் கோபப்படுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா? அவர்கள் அன்றே சொல்லித் தொலைத்திருந்தால் மறுவாரமே தம்பி வீட்டுக் கதவைத் தட்டியிருப்பாரே. தட்டியிருப்பாரா?

இரண்டு நாள் மென்று விழுங்கிவிட்டு மனைவியிடம் சொன்னார். அவள் துவைத்த துணியை உதறிக் காயப்போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, தம்பி பெண்டாட்டிக்கு இந்த விஷயத்தைச் சொல்லலாமா கூடாதா என்று கேட்டாள். நீ எப்படி அவளிடம் சொல்வாய் என்று இவர் கேட்க, வாரா வாரம் பேசுகிறவளிடம் சொல்ல என்ன என்றாள். ஒன்பது வருடமாக ஓரகத்திகள் இருவரும் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவருக்கு முழங்கால் வலி வந்தது தம்பிக்குத் தெரியும். தம்பி மகள் ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வந்தது இவருக்கு மட்டும் தெரியாது.

“இதையும் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலையே,” என்றாள் அவள். குத்தலாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள்.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு அவர் கூட்டத்துக்குப் போகவில்லை. காலையில் எழுந்து குளித்து, சட்டையும் போட்டுக்கொண்டு, அப்புறம் மின்விசிறியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. பத்து மணிக்கு நாற்காலி போட்டிருப்பார்கள். பத்தரைக்கு முதல் காசு மேஜைக்கு வந்திருக்கும். பன்னிரண்டு மணிவாக்கில் கண்டக்டரே வாசலில் வந்து நின்றார். மன்னிப்பு, சமாதானம் என்று எதுவும் இல்லை. உட்காரக்கூட இல்லை. சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் மடித்த ஒரு செப்புக் காசை எடுத்து நீட்டினார். டிக்கெட்டுக்கு யாரோ கொடுத்ததாம். ஓட்டை போட்டிருக்கிறது. கழுத்தில் போட்டுக்கொண்டதா, சுவரில் ஆணியடித்து வைத்ததா என்று காலையிலிருந்து சண்டையாம்.

“பாதிப் பேரு கழுத்துங்கறாங்க, பாதிப் பேரு ஆணிங்கறாங்க. செயலாளரு, நீங்க வந்தாத்தான் தீரும்னு சொல்லிட்டு எழுந்து ஜன்னல்கிட்ட போயி நின்னுக்கிட்டாரு. எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு. பாத்து வைங்கண்ணே, அடுத்த மாசம் சொல்லலாம்.”

கண்டக்டர் போன பிறகு அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டையின் மேல்விளிம்பு மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. கயிறு அறுத்திருக்கிறது. யாரோ இதை வருடக்கணக்காக நெஞ்சில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். இரண்டு காசும் பெறாத செம்பு. அதை ஏழு பேர் காலையிலிருந்து கட்டிப் புரண்டிருக்கிறார்கள். சிரிப்பு வந்தது.

புதன்கிழமை மத்தியானம் தம்பியின் கடைக்குப் போனார். தம்பி ஒரு பிரேமுக்குத் திருகு போட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தவன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். தலை நன்றாக நரைத்திருந்தது. மெக்கானிக் கப்பல் காசை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, நீ சொன்னதுதான் சரி, இது ஊற்றின காசு, என்னைவிட உனக்குத்தான் விவரம் தெரிந்திருக்கிறது என்று, வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மூன்று வாக்கியங்களையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். தம்பி காசைத் தொடவில்லை. திருகுப்புளியைக் கீழே வைத்தான்.

“அண்ணே, நான் சந்தைக்கெல்லாம் போகவே இல்ல. அன்னிக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அப்பா உனக்கு மட்டும்தான் அப்பாங்கற மாதிரி அதைக் கையில வெச்சுக்கிட்டு நின்ன. எனக்குத் தாங்கல. அது டூப்ளிகேட்டுன்னு நீ சொல்லித்தான் எனக்கே தெரியுது.”

பொய் சொன்னவன் சொன்னது நிஜமாகிவிட்டது. ஒரு பொய்யும் எழுதாதவர்கள் நிஜத்தை ஒன்பது வருடம் மறைத்திருக்கிறார்கள். கேப்டன் என்று ஒருவர் இருந்திருந்தால் அந்த ஆளும் எந்தத் துறைமுகத்திலாவது ஏமாந்து இதை வாங்கியிருக்கலாம். கேப்டனே இல்லாமலும் இருக்கலாம். இதில் யாரை மன்னிப்பது, யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று பார்த்தால் ஒரு முனையும் கைக்குக் கிடைக்கவில்லை. காசை நெருக்கமாகப் பார்க்கக் கண்ணைச் சுருக்கினார்.

“எப்ப கண்ணு பாத்த?” என்றான் தம்பி.

பார்க்கவே இல்லை என்றதும் தோளைப் பிடித்து உள்ளறை நாற்காலியில் உட்கார வைத்தான். கனமான வட்டப் பிரேம் ஒன்றை மூக்கில் மாட்டி, ஒரு கண்ணை மூடினான். எதிர்ச்சுவரில் எழுத்து வரிசைகளில் விளக்கு எரிந்தது. பெட்டியில் வில்லைகளைத் தேடிக்கொண்டே, அந்தச் சங்கத்தில் ஒன்பது வருடமாக அப்படி என்னதான் செய்வீர்கள் என்று கேட்டான். மெக்கானிக் சொல்லப் பார்த்தார். காசுகளைப் பற்றிப் பேசுவோம் என்றார். அது சரியாக வரவில்லை. ஒரு காசில் ஒரு புள்ளி இருக்கிறதா இல்லையா என்று இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறோம் என்றார். அப்புறம் இருந்ததா என்றான் தம்பி. தூசி என்றார். தம்பி சிரித்தான். ஓட்டைக் காசைப் பற்றியும், நடுமேஜையில் இருந்த ஒற்றை வரிச் சீட்டைப் பற்றியும் சொன்னார். தம்பி ஒரு வில்லையை எடுத்துத் துடைத்தான்.

“ரெண்டாவது ஞாயிறுதானே? அன்னிக்குக் கடை லீவுதான்,” என்றான், அவர் முகத்தைப் பார்க்காமல். பிறகு குனிந்து வில்லையைச் செருகினான். அவன் மூச்சு கன்னத்தில் பட்டது. “இது தெளிவா இருக்கா?” வில்லையை மாற்றினான். “இல்ல, இதுவா?”

கடைசி வரிசை எழுத்துகள் மை சிந்தியது போலப் படர்ந்து, மறுபடி கூடி நின்றன.

“இன்னொரு தடவை காட்டு,” என்றார் அவர். தம்பி நிதானமாக முதல் வில்லையை எடுத்துத் திரும்பவும் போட்டான்.